அடுக்கு எங்கிருந்து வந்தது?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் வேதிவினை வேகவியல் பாடத்தைத் திறந்தால், சில பக்கங்களுக்குள்ளேயே வினைவேக விதி வந்து நிற்கிறது. வினைபடு பொருள்கள் ஒவ்வொன்றின் செறிவையும் அதற்குரிய அடுக்குக்கு உயர்த்தி, எல்லாவற்றையும் பெருக்கி, ஒரு மாறிலியாலும் பெருக்கினால் வினையின் வேகம் கிடைக்கும். கூடவே ஓர் எச்சரிக்கையும் உண்டு: அந்த அடுக்குகளைச் சோதனை செய்துதான் அறிய முடியும், சமன்செய்த சமன்பாட்டில் பொருள்களுக்கு முன்னால் நிற்கும் குணகங்களை எடுத்து அடுக்காக வைத்துவிடக் கூடாது. மாணவர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்கிறார்கள், கேட்டால் ஒப்பிக்கிறார்கள், தேர்வில் கணக்கு வந்ததும் குணகத்தை எடுத்து அடுக்காக வைக்கிறார்கள். கவனக்குறைவு என்று சொல்லி ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். அதைக் கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது என்பதே என் வாதம். அந்தப் பிழையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தேர்ந்த அறிஞர்களே தெரிந்தே செய்தார்கள். அந்த ஒற்றை வரி எச்சரிக்கையை எழுதுமிடத்துக்கு வந்து சேர வேதியியலுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதைவிட வேடிக்கை, அந்தப் பிழையை நம் பள்ளியே ஓராண்டு முன்னதாக, பதினோராம் வகுப்பில், சரியான பாடமாகச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கதை சர்க்கரையில் தொடங்குகிறது. கரும்புச் சர்க்கரைக் கரைசலின் ஊடே முனைவுற்ற ஒளியைச் செலுத்தினால் ஒளியின் தளம் வலப்பக்கமாகத் திரும்பும். அமிலம் சேர்த்துவிட்டால் சர்க்கரை நீரோடு வினைபட்டுக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கிறது. ஃபிரக்டோஸ் ஒளியை வலுவாக இடப்பக்கம் திருப்புவதால், வினை நடக்க நடக்கத் திருப்பம் குறைந்து, பூச்சியத்தைக் கடந்து, இடப்பக்கத்தில் போய் நிற்கிறது. பிரான்சில் இயற்பியலாளர் பியோ இதை 1830களிலேயே கவனித்திருந்தார். சர்க்கரைத் தொழிலின் தேவைக்காக 1840களில் இந்தத் திருப்பத்தை அளக்கும் நல்ல முனைவுமானிகளும் செய்யப்பட்டுவிட்டன. மருந்தாளர் தொழிலை விட்டுவிட்டு ஹைடல்பெர்க்கில் இயற்பியலும் வேதியியலும் படித்த லுட்விக் வில்ஹெல்மி இந்தக் கருவியில் ஒரு வசதியைக் கண்டார். வினை ஓடிக்கொண்டிருக்கும்போதே, கலவையிலிருந்து ஒரு சொட்டுக்கூட எடுக்காமல், இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சமிருக்கிறது என்று கோணத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். 1850-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நொடிப்பொழுதில் மறையும் சர்க்கரை அந்த நொடியில் இருக்கும் சர்க்கரையின் அளவுக்கும் அமிலத்தின் அளவுக்கும் நேர் விகிதத்தில் இருக்கும் என்று ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதினார். தொகையிட்டு மடக்கை வடிவம் கண்டார். வெவ்வேறு நேரங்களில் எடுத்த அளவீடுகளை அதில் பொருத்தி, மாறிலி மாறாமல் நிற்கிறதா என்று பார்த்தார், நின்றது. ஒரு வேதிவினையின் வேகம் கணிதச் சமன்பாடாக எழுதப்பட்டது இதுவே முதல் முறை என்று பொதுவாக ஏற்கப்படுகிறது.

அந்தச் சமன்பாட்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பார்த்தால் நம் பொருளுக்கு வேண்டியது அங்கேயே கிடைக்கிறது. வினையின் சமன்பாட்டில் நீர் இருக்கிறது. வில்ஹெல்மியின் வேகச் சமன்பாட்டில் நீர் இல்லை. வினையின் சமன்பாட்டில் அமிலம் இல்லை, அது செலவாவதே இல்லை. வேகச் சமன்பாட்டிலோ அமிலம் முழு உரிமையோடு உட்கார்ந்திருக்கிறது. நீர் விடுபட்டதற்குக் காரணம் எளிது. ஒரு லிட்டர் கரைசலில் 100 கிராம் சர்க்கரை இருந்தால் அது 0.3 மோலுக்கும் சற்றுக் குறைவு. சுற்றியுள்ள நீரோ 50 மோலுக்கு மேல். சர்க்கரை முழுவதும் பிளந்து முடிந்தாலும் நீரில் நூற்றில் ஒரு பங்குகூடக் குறையாது. குறையாத ஒன்றின் செறிவு மாறிலிக்குள்ளேயே கரைந்துவிடும். இன்றைய புத்தகம் இதற்குப் போலி முதல்வகை வினை, அதாவது அடுக்கு ஒன்று போலத் தோன்றும் வினை, என்று பெயர் வைத்து, விதிவிலக்குப் போலப் பாடத்தின் பின்பகுதியில் சொல்கிறது. வரலாற்றில் அதுதான் முதலில் வந்தது. ஆக, வேகத்தைச் சொல்லும் சமன்பாடும் பொருள்களின் வரவு செலவைச் சொல்லும் சமன்பாடும் வேறு வேறு என்பது முதல் நாளிலேயே தாளில் இருந்தது. யாரும் அதை அப்படிப் படிக்கவில்லை. சொல்லப்போனால் அந்தக் கட்டுரையையே யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. வில்ஹெல்மி 1864-இல் இறந்தார். வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் 1880களில் அந்தக் கட்டுரையைத் தேடியெடுத்துப் பேசிய பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். வில்ஹெல்மி சமன்பாட்டை முதலில் ஊகித்துவிட்டுப் பிறகுதானே அளவீட்டை அதில் பொருத்தினார்? அப்படியானால் பள்ளிப் புத்தகமும் சமன்பாட்டை முதலில் சொல்லிவிட்டுக் கணக்கைப் பிறகு தருவதில் என்ன குற்றம்? உண்மைதான், வடிவம் ஊகம்தான். இருப்பதற்கு ஏற்ற வேகத்தில் குறைவது என்ற வடிவம், சூடான பொருள் குளிர்வதைக் குறித்த நியூட்டனின் விதி வழியாக இயற்பியலாளருக்கு முன்பே பழக்கமானது. ஆனால் ஊகத்துக்குத் தோற்றுப்போகும் வாய்ப்பு இருந்தது. மாறிலி நேரத்தோடு ஒரே திசையில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ போயிருந்தால் சமன்பாட்டைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதைப் பர்மாங்கனேட்டால் தரம்பார்த்த அளவுகளைக் கொடுத்து, இது முதல்வகை வினை எனக் காட்டுக என்று கேட்கும் பழைய கணக்கு உண்மையில் வில்ஹெல்மியின் கணக்கேதான். விடை முதல்வகை என்று கேள்வியே சொல்லிவிடுவதால், மாறிலி மாறாமல் நிற்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் மாணவருக்குத் தெரிவதில்லை. அதே கணக்கில் அவர் நெட்டுருப் போடும் 2.303 என்ற எண்ணுக்கும் இயற்கைக்கும் சம்பந்தமில்லை. பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை அட்டவணையைப் புரட்டிய காலத்தின் எச்சம் அது. கணிப்பான் வந்த பிறகும் அது போக மறுக்கிறது.

குணகங்கள் அடுக்குகளான கதை நார்வேயில் நடந்தது. 1862-63-இல் பாரிஸில் பெர்த்தலோவும் பேயான் த சேன்-ஜில்லும் அசெட்டிக் அமிலமும் எத்தனாலும் சேர்ந்து எஸ்டர் ஆவதைப் பொறுமையாக அளந்து, சம மோல் எடுத்தால் மூன்றில் இரண்டு பங்கோடு வினை நின்றுவிடுகிறது என்று காட்டியிருந்தார்கள். அந்த அளவீடுகளையும் தங்கள் சொந்த அளவீடுகளையும் வைத்துக்கொண்டு, நார்வேயின் கிறிஸ்தியானியா நகரில் கணிதம் தெரிந்த கேட்டோ குல்ட்பெர்க்கும் அவருடைய மைத்துனர் வேதியியலாளர் பீட்டர் வாகேவும், வினையைப் பொருள்களின் அளவோடு இணைக்கும் நிறை தாக்க விதியை உருவாக்கினார்கள். பள்ளிப் புத்தகத்தில் இருவர் பெயரும் ஒரே வரியில், ஓர் ஆண்டோடு முடிந்துவிடும். நடந்தது மூன்று கட்டமாக. 1864-இல் நார்வேஜிய மொழியில் வெளியிட்ட முதல் வடிவத்தில், வினைபடு பொருள்களின் நிறைகளுக்கு அவர்கள் வைத்த அடுக்குகள் சோதனையால் கண்டுபிடிக்க வேண்டியவை. 1867-இல் பிரெஞ்சில் எழுதியபோது கணக்கு எளிதாகட்டும் என்று எல்லா அடுக்குகளையும் ஒன்று என எடுத்துக்கொண்டார்கள். 1879-இல் ஜெர்மனில் எழுதியபோதுதான் மூலக்கூறுகளின் மோதலைக் கொண்டு காரணம் சொன்னார்கள். ஒரு பொருளில் இரண்டு மூலக்கூறுகள் வினைக்கு வேண்டுமென்றால் அந்த இரண்டும் ஓரிடத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்கும் வாய்ப்பு செறிவின் இருமடிக்கு ஏற்ப இருக்கும். ஆகவே குணகமே அடுக்கு. சுருங்கச் சொன்னால், அடுக்கைச் சோதனையால் காண வேண்டும் என்று தொடங்கியவர்கள் பதினைந்து ஆண்டு யோசித்து அதைச் சமன்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று வந்து சேர்ந்தார்கள். தேர்வில் பிழை செய்யும் மாணவர் இந்த மூன்றாம் கட்டத்தில்தான் நிற்கிறார். அவருடைய தர்க்கம் மோசமானதல்ல. வினை முழுவதும் ஒரே மோதலில் முடிந்துவிடுகிறது என்ற, சொல்லாமல் விட்ட அனுமானம்தான் மோசமானது.

அந்த மூன்றாம் கட்டத்தைத்தான் பதினோராம் வகுப்பின் சமநிலைப் பாடம் எடுத்தாள்கிறது. முன்னோக்கு வினையின் வேகத்தை எழுது, குணகங்களை அடுக்காக வை. பின்னோக்கு வினைக்கும் அப்படியே. இரண்டையும் சமன் செய். சமநிலை மாறிலி வந்துவிடும். விடை சரியாக வருவதால் வழியும் சரி என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். விடை சரியாக வருவதன் காரணம் வேறு. வினை எத்தனை படிகளில் நடந்தாலும், சமநிலையில் ஒவ்வொரு படியும் தனித்தனியே சமநிலையில் இருக்கும். ஒவ்வொரு படிக்குமான சமநிலைக் கூற்றை எழுதிப் பெருக்கினால், ஒரு படியில் தோன்றி அடுத்த படியில் மறையும் இடைப்பொருள்களின் செறிவுகள் அடிபட்டுப்போய், முழுச் சமன்பாட்டின் குணகங்கள் மட்டுமே அடுக்குகளாக மிஞ்சும். அதாவது சமநிலைக்கு வழி முக்கியமில்லை, வேகத்துக்கு வழிதான் எல்லாம். இந்த வேறுபாடு பதினோராம் வகுப்புக்குக் கடினம், ஆகவே எளிய வழியில் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது பாடநூல் எழுதுவோர் சொல்லக்கூடிய நியாயம். படிப்படியாகச் சொல்வதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் திருத்தம் வரும்போது எதைத் திருத்துகிறோம் என்று சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பின் எச்சரிக்கை, சென்ற ஆண்டு நீ எழுதிய அதே வரியைத்தான் இப்போது தவறு என்கிறோம் என்று சொல்வதில்லை. இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமலே மாணவரின் மண்டைக்குள் அக்கம்பக்கமாகக் குடியிருக்கின்றன. தேர்வு நேரத்தில் முதலில் குடிவந்தது ஜெயிக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் அதே 1860களில் நடந்த வேலையைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பள்ளி ஆய்வகத்துக்கு நேராக எடுத்துவரத் தக்கது அதுதான். அகஸ்டஸ் வெர்னன் ஹார்கோர்ட் வேதியியலாளர். கணக்குப் போட்டவர் வில்லியம் எஸன். முதலில் பர்மாங்கனேட்டும் ஆக்ஸாலிக் அமிலமும் என்று இறங்கினார்கள். பியூரெட்டில் அதைச் செய்து பார்த்த எந்த மாணவருக்கும் தெரியும், முதல் சில சொட்டுகளின் நிறம் போகவே நேரமெடுக்கும், பிறகு சடசடவென்று போகும். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே வினையூக்கியாகிவிடுவதுதான் காரணம். அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டிவிட்டு, அவர்கள் ஹைட்ரஜன் பெராக்சைடும் அயோடைடும் அமிலத்தில் வினைபட்டு அயோடின் தரும் வினைக்கு வந்தார்கள். அங்கே செய்த உத்தி அழகானது. கலவையில் ஸ்டார்ச்சும் அளந்த சிறு அளவு தயோசல்பேட்டும் சேர்த்தார்கள். உண்டாகும் அயோடினைத் தயோசல்பேட் உடனுக்குடன் அயோடைடாக மாற்றிவிடும்; தயோசல்பேட் தீர்ந்த கணத்தில் கரைசல் திடீரென்று நீலமாகும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த அளவைச் சேர்ப்பார்கள், நீலம் மறையும், மறுபடி வரும், மறுபடி குறிப்பார்கள். அயோடின் திரும்பத் திரும்ப அயோடைடு ஆவதால் அயோடைடின் அளவு குறைவதே இல்லை, அமிலமும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வினையில் மாறுவது பெராக்சைடு ஒன்றுதான். ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் அசையாமல் பிடித்துவைத்துக்கொண்டு அந்த ஒன்றின் அடுக்கைக் காண்பது என்ற இன்றைய முறை இங்கே கைப்பழக்கமாகவே இருந்தது. அயோடைடின் அளவை வேண்டுமென்றே மாற்றிப் பார்த்தபோது, வேகம் அதன் முதல் அடுக்குக்கு ஏற்பவே மாறியது. சமன்பாட்டில் அயோடைடின் குணகமோ இரண்டு.

இத்தகைய முரண்களைக் குவித்துவைத்து அவற்றுக்கு ஒரு பொருள் கொடுத்தவர் ஆம்ஸ்டர்டாமில் இருந்த வான்ட் ஹாஃப். 1884-இல் வந்த அவருடைய வேதி இயக்கவியல் நூல், ஒரு வினையின் வேகத்திலிருந்து எத்தனை மூலக்கூறுகள் உண்மையில் பங்கேற்கின்றன என்று கேட்கும் வழியைக் காட்டியது. இரண்டு செறிவுகளில் வேகத்தை அளந்து, வேகங்களின் விகிதத்தின் மடக்கையைச் செறிவுகளின் விகிதத்தின் மடக்கையால் வகுத்தால் அடுக்கு கிடைக்கும். ஆர்சின் வாயு சிதைவதை எழுதினால் நான்கு மூலக்கூறுகள் வேண்டும். அளந்தால் வேகம் முதல் அடுக்கில் நிற்கிறது. நான்கு மூலக்கூறுகள் ஒரே கணத்தில் ஒரே இடத்தில் மோதும் என்பது நடக்கிற காரியமல்ல என்பதால், எழுதிய சமன்பாடு வினையின் வழியைக் காட்டுவதில்லை என்ற முடிவு வலுத்தது. அந்தச் சிதைவு கலத்தின் சுவரில் நடப்பது என்று பின்னர் விளங்கியது. அது அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே தவிரக் குறைப்பதில்லை. வேதியியலின் முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்குப் போனது. 1904-இல் ஆர்தர் லாப்வொர்த் அசிட்டோனோடு ஹாலஜன் வினைபடுவதை அளந்தபோது முரண் இன்னும் கூர்மையானது. ஹாலஜனின் செறிவை எப்படி மாற்றினாலும் வேகம் அசையவில்லை; அமிலத்தைக் கூட்டினால் வேகம் கூடியது. அசிட்டோன் முதலில் மெதுவாகத் தன் வடிவை மாற்றிக்கொள்கிறது, மாறியதை ஹாலஜன் உடனே பிடித்துக்கொள்கிறது. திருப்பதி தரிசனத்தில் ஆட்கள் வெளியேறும் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் ஒற்றை வாசல்தான். வெளியே லட்டுக் கவுண்டரில் எத்தனை பேரை நிறுத்தினாலும் அது கூடாது. வினைபடு பொருள் ஒன்றின் அடுக்கு பூச்சியமாக இருப்பதன் பொருள் அதுதான்.

ஒரே படியில் நடக்கும் வினைக்குக் குணகம் அடுக்காகப் பொருந்தத்தானே செய்கிறது, அதிலிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். ஒரு வினை ஒரே படியில் நடக்கிறது என்று யார் சொன்னது என்பதுதான் என் பதில். மாக்ஸ் போடன்ஸ்டைன் 1890களில் ஹைட்ரஜனும் அயோடினும் சேர்வதை அளந்தார். வேகம் இரண்டின் செறிவுகளின் பெருக்கத்துக்கு நேர் விகிதம். குணகம் ஒன்று, அடுக்கும் ஒன்று. இரு மூலக்கூறுகள் மோதி ஒரே படியில் முடிகிற வினைக்கு இலக்கணம் என்று பல தலைமுறைப் பாடநூல்கள் இதைக் காட்டின. 1906-07-இல் அவரும் சாமுவேல் லிண்டும் அயோடினுக்குப் பதில் புரோமினை எடுத்தார்கள். சமன்பாடு எழுத்துக்கு எழுத்து அதே அச்சுதான். வேக விதியோ ஒன்றரை என்ற அடுக்கையும் ஒரு பின்னத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது; அந்தப் பின்னத்தின் கீழே விளைபொருளான ஹைட்ரஜன் புரோமைடு நின்று வேகத்தைக் குறைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதற்கு விளக்கமில்லை. 1919-20-இல் கிறிஸ்டியான்சென், ஹெர்ட்ஸ்ஃபெல்ட், போலன்யி மூவரும் தனித்தனியே, புரோமின் பிளந்து அணுவாகி ஒரு சங்கிலி வினையை நடத்துகிறது என்று காட்டியபோது அந்த ஒன்றரை அடுக்கு எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது. அயோடினின் எளிமையும் நிலைக்கவில்லை. 1967-இல் சல்லிவன் ஒளியால் அயோடின் அணுக்களை உண்டாக்கிச் சோதித்து, வேகம் அணுச் செறிவின் இருமடிக்கு ஏற்ப இருப்பதைக் கண்டார். அயோடின் மூலக்கூறுகளும் அணுக்களும் தமக்குள் சமநிலையில் இருந்தால், அணுச் செறிவின் இருமடி மூலக்கூறின் செறிவுக்கு நேர் விகிதம். ஆகவே வேறு வழியில் போனாலும் விதி அதே வடிவில் வந்து நிற்கும். குணகமும் அடுக்கும் ஒத்துப்போனால்கூட அது ஒரே படி என்பதற்குச் சான்றாகாது. வேக விதி சில வழிகளை விலக்கும், ஒன்றை உறுதிப்படுத்தாது. இத்தனை அழுத்தமான எடுத்துக்காட்டு வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நேரமில்லை என்பது கடைசி மறுப்பு, பொய்யுமல்ல. பொதுத்தேர்வு, நுழைவுத்தேர்வு, அதற்கு நடுவே யார் நார்வேஜியரைப் பற்றிப் பேசுவது? ஆனால் நான் கேட்பது கூடுதல் பாடமல்ல, எடுத்துக்காட்டுகளை மாற்றிவைப்பது. வழக்கமான தொடக்க வேகக் கணக்கில் செறிவை இரட்டித்தால் வேகம் சரியாக 2 மடங்கு அல்லது 4 மடங்கு ஆகும். எந்த ஆய்வகமும் அத்தனை சுத்தமான எண்ணைத் தராது, 3.8 வந்தால் அது 4-தானா என்று முடிவெடுப்பதுதான் அடுக்கைக் காணும் வேலையில் பாதி. அந்தப் பாதியைக் கேள்வி எழுதியவரே செய்துவிடுகிறார். நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேரும் வினை பாடநூல்களுக்குப் பிடித்த முதல் கணக்கு. அதில் அடுக்குகள் 2, 1. குணகங்களும் 2, 1. அட்டவணையைப் பார்க்காமலே விடை சொல்லிவிடலாம். மாணவர் அப்படித்தான் சொல்கிறார், முழு மதிப்பெண்ணும் வாங்குகிறார். சூடாக்கினால் இந்த வினையின் வேகம் குறைகிறது, மூன்று மூலக்கூறுகளின் நேர் மோதல் என்ற எளிய கதையைச் சந்தேகிக்க அதுவே போதும் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அதை எடுத்துவிட்டு அங்கே ஹார்கோர்ட்டின் பெராக்சைடு-அயோடைடு வினையை வைத்தால் அட்டவணையைப் படிக்காமல் விடை வராது. மத்திய வாரியப் பாடத்திட்டத்தின் செய்முறைப் பட்டியலில் அந்த வினை ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. வேண்டிய பியூரெட்டும் பிப்பெட்டும் தரம்பார்த்தலுக்காக எல்லா மேல்நிலைப் பள்ளியிலும் உண்டு; கடிகாரம் மாணவரின் கையிலேயே இருக்கிறது.